ஒழுகாத கார்

சுந்தரபாய்க்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. இது தெரியாமல் அவளோடு மோதியவர்கள் இரண்டு பேர். ஒருவன் பெத்துராஜ். இன்னொருவன் நான்.

என் பெயர் மன்சூர் அலி. ஊர் கடையநல்லூர். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அடுத்த இடம் சுந்தரபாயின் வாட்டர் சர்வீஸ். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். அவள் பிடிக்கும் தண்ணீர் என் பேட்டரிகள் மேல் தெறிக்கும், நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். அண்ணாச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். மற்றவர்கள் எல்லாரும் பாய் என்று கூப்பிடும் ஊரில் அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிட்டாள்.

வண்டி கழுவும் தொழிலுக்கு ஒரு பெண் எப்படி வந்தாள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வந்தது தண்ணீரால். அவள் அப்பா விட்டுப்போன அந்த எட்டு சென்ட் இடத்தில் போர் போட்டபோது உப்பில்லாத தண்ணீர் வந்தது. இந்தப் பக்கத்தில் அது லாட்டரி விழுந்த மாதிரி. உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு கார் முழுக்கத் தேமல் விழுந்தது போல் இருக்கும். அவள் கழுவினால் இருக்காது. கணவர் யோவான் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனிதர். ஆகவே கம்ப்ரெஸ்ஸர் வாங்கியதும், ரேம்ப் கட்டியதும், லாரி டிரைவர்களோடு மல்லுக்கு நின்றதும் எல்லாம் இவள்தான்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு கார் வந்தால் உடனே தண்ணீர் அடிக்க மாட்டாள். முன் கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீரை நிதானமாக ஊற்றுவாள். பிறகு குனிந்து, அந்தத் தண்ணீர் காருக்கு அடியில் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று பார்ப்பாள். “மேல ஊத்துன தண்ணி கீழ வந்துரணும் அண்ணாச்சி. வரலைன்னா உள்ள எங்கனயோ உக்காந்திருக்குன்னு அர்த்தம்” என்பாள். ஊற்றிய தண்ணீர் வந்து சேர்ந்தபிறகுதான் தண்ணீர் பீய்ச்சும் கன்னைக் கையில் எடுப்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள். ஒன்றைச் சரிபார்க்காமல் அடுத்ததுக்குப் போவது அவளுக்கு ஆகாது.

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அந்த வாளியை ஊற்றாமல் விட்டாள். அதுவும் பெத்துராஜின் காருக்கு.

பெத்துராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நாற்பது பவர்லூம் ஓடும் ஷெட்டுக்கு முதலாளி. சம்பாதித்ததைக் குறை சொல்ல மாட்டேன், உழைத்தான். ஆனால் சம்பாதித்ததைத் தெருவில் நான்கு பேர் பார்த்தே ஆக வேண்டும் அவனுக்கு. கொச்சியிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட். பிறந்து இருபது வருஷமான வெளிநாட்டு வண்டி. முன்னால் இருக்க வேண்டிய இஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம். அதற்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே தொட்டி மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் பேட்டரி. கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் முழுவதும் அந்தத் தொட்டிக்குள்தான் இறங்கும். தொட்டியின் இரண்டு மூலையிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒவ்வொரு ஓட்டை. தண்ணீர் அதன் வழியாகத் தரைக்குப் போய்விடும். காரைச் செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

பெத்துராஜ் யோசித்தது வேறு. புது வீட்டு போர்ட்டிகோவில் வெள்ளை மார்பிள் போட்டிருந்தான். மழையில் நனைந்து வந்த கார் அங்கே நின்றால், அந்த இரண்டு ஓட்டை வழியாக ஒரு மணி நேரம் அழுக்குத் தண்ணீர் சொட்டும். மார்பிளில் இரண்டு பழுப்புக் கறை. கார் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, எம்சீல் என்கிற அடைப்புப் பசையைப் பிசைந்து இரண்டு ஓட்டையையும் தன் கையாலேயே அடைத்துவிட்டான். ஒழுகினால் அடைக்க வேண்டும், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள். ஊருக்குள் வருகிற வண்டியெல்லாம் கழுவ நிற்கிற நாள். சுந்தரபாயின் ரேம்ப்புக்கு முன்னால் பத்து வண்டி வரிசை. பெத்துராஜின் டிரைவர் அல் அமீன் அந்தச் சிவப்புக் காரை வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, “யக்கா, மொதலாளி அங்கன குதிச்சிக்கிட்டு இருக்காவ. பத்து நிமிசத்துல வேணுமாம்” என்று கெஞ்சினான். அவனும் பாவம். முன் மூடியைத் திறக்கவே கூடாது என்பது முதலாளி கட்டளை. அவள் வாளியைத் தேடினாள், வாளியில் வேறு யாரோ சோப்பு கரைத்து வைத்திருந்தார்கள். சரி, இன்றைக்கு ஒரு நாள் என்று கன்னை எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கார் செத்துக் கிடந்தது. அடைபட்ட தொட்டியில் நிறைந்த தண்ணீர், வழி இல்லாமல் உள்பக்கம் இறங்கி, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த கன்ட்ரோல் பெட்டியை நனைத்துவிட்டது. கதவு பூட்டவில்லை, இஞ்சின் எடுக்கவில்லை. தபசு அன்றைக்கு ரத வீதியில் காரை ஓட்டிக் காட்டவிருந்த பெத்துராஜ், அம்பாசடர் டாக்சியில் வந்து இறங்கினான், நேராக அவள் இடத்துக்கு.

“ஏட்டி! பாத்திரம் கழுவுத கையில காரைக் குடுத்தது என் தப்புட்டி!” என்று ரோட்டில் நின்று கத்தினான். நாற்பத்தாறு வயசுப் பெண்ணை, ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவன், ஏட்டி என்கிறான். சுற்றி முப்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அவள் நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவனோ காசு வேண்டாம் என்றான். அங்கேதான் அவன் யார் என்று தெரிந்தது. பணத்தை வாங்கியிருந்தால் ஒரு வருஷத்தில் மறந்துபோயிருக்கும். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றான்.

எங்கள் பக்கத்து வண்டித் தொழில்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மெக்கானிக், டிங்கர், டயர் கடை, நான், அவள் எல்லாரும் உறுப்பினர்கள். தகராறு வந்தால் ஸ்டேஷனுக்குப் போக மாட்டோம். சங்கத்தில் கூட்டம் போட்டு, தப்பு செய்தவர் தன் கைப்பட எழுதிக் கொடுப்பார், கூட இருந்து பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதத்தை நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் வைப்போம். ஒரு மாதத்தில் எடுத்துவிடுவது வழக்கம். சங்கக் கட்டடத்துக்கு மேல்கூரை போட்டுத் தந்தவன் பெத்துராஜ். அவன் சொன்னான், இது எடுக்கப்படாது என்று. தலைவர் தலையை ஆட்டினார்.

அவள் எழுதினாள். ‘எனது கவனக்குறைவால் திரு. பெத்துராஜ் அவர்களின் காருக்குள் தண்ணீர் புகுந்து பழுதானது. இனி நான் கார்கள் எதையும் கழுவ மாட்டேன். லாரி, டிராக்டர் மட்டுமே கழுவுவேன்.’ எழுத்து முத்து முத்தாக இருந்தது. உண்மையில் அவளுக்கே சந்தேகம் இருந்தது, அந்த ஒரு வாளியை ஊற்றாமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்றோ என்று. அந்தச் சந்தேகம் இல்லையென்றால் எந்தப் பெத்துராஜாலும் அவள் கையில் பேனாவைக் கொடுத்திருக்க முடியாது.

சாட்சி வேண்டும் என்றார்கள். பெத்துராஜ் என் தோளில் கையைப் போட்டான். “பக்கத்துக் கடை மன்சூரு பாத்தாருல்லா, அவரு போடட்டும்.” நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் காரைக் கழுவிய நேரத்தில் நான் உள்ளே உட்கார்ந்து ஒரு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் பேட்டரி எல்லாம் என் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து நான் அவளுக்கு அண்ணாச்சி இல்லை. பாய் ஆகிவிட்டேன். அதுவும் கடையில் கூட்டம் இருந்து, வழியை மறைத்தால் மட்டும். “பாய், வண்டியை எடுக்கச் சொல்லுங்க.” அவ்வளவுதான் பேச்சு.

அவள் இடத்துக்குச் சகதி அப்பிய டிராக்டர்களும் மணல் லாரிகளும்தான் வந்தன. கார்க்காரர்கள் எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த ஃபோம் வாஷுக்குப் போனார்கள். அங்கே உப்புத் தண்ணீர். கார் முழுக்கத் தேமல். போகட்டும் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம். அவள் போகும் சர்ச்சின் பாதிரி ஐயர்கூட ஒருமுறை அவள் வீட்டுக்கு வந்து, மன்னித்துவிடு மகளே என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனாராம். “மன்னிக்கதுக்கு நான் ரெடி ஐயரே. அவன் வந்து கேக்கணும்லா?” என்று அவள் கேட்டதாக யோவான் என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். எனக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் நல்ல மழை. மழை வெறித்த பிறகு அவள் என் கடைக்குள் வந்தாள். ஏறக்குறைய ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல்தடவை. சர்ச்சுக்குப் போகிற நல்ல சேலை, முழங்கால் பக்கம் முழுக்கச் சகதி.

“பாய், பெத்துராஜு கார்ல பேட்டரி எங்கன இருக்கு?”

சொன்னேன். தொட்டி, இரண்டு ஓட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் நிக்கி அந்தக் காரு. ரெண்டு மணி நேரம் மழையில நின்னிருக்கு. சுத்தி நிக்க காருக்கெல்லாம் அடியில தண்ணி சொட்டுது. அதுக்கு மட்டும் ஒரு சொட்டு இல்ல. நான் குனிஞ்சு, மண்டி போட்டுப் பாத்தேன். காதுக்கம்மலைத் தொலைச்சிட்டேன்னு நெனச்சு நாலு பேரு கூடத் தேடுதாவ.” மூச்சு விட்டுக்கொண்டாள். “மேல விழுந்த தண்ணி கீழ வரல பாய். அந்த ஓட்டை அடைச்சிருக்கு. அன்னைக்கும் அடைச்சிருந்திருக்கும்.”

நான் அந்த அடைப்பைப் பார்த்திருந்தேன். அந்த ஆடிக்கு ஒரு மாதம் முன்னால் அந்தக் காருக்குப் புதுப் பேட்டரி மாட்டியது நான்தான். தொட்டியின் மூலையில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. கம்பெனியில் வைத்ததாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சங்கத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது நினைவுக்கு வரவேயில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வந்தது. தள்ளிவிட்டேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்னதும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

“இதைச் சங்கத்துல வந்து சொல்லுவீயளா?” என்று கேட்டாள்.

நான் மேஜை மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்து, துடைக்கவே தேவையில்லாத ஸ்பேனரைத் துடைத்தேன். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த நிமிஷத்திலிருந்து அவள் வேறு ஆள். அதுவரை தன்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. சந்தேகம் போன இடத்தில் பழிவாங்கும் வெறி வந்து உட்கார்ந்தது. நேரே சங்கத்துக்குப் போய்க் கத்தியிருக்கலாம். போகவில்லை. யோவான் கேட்டதற்கு, “நான் போய்ச் சொன்னா, அவன் வீட்டுக்குப் போய் அடைப்பை எடுத்துட்டு வந்து, இந்தப் பொம்பள பொய் சொல்லுதாம்பான். தண்ணியே வந்து சொல்லட்டும். ஊரு பாக்க வந்து சொல்லட்டும்” என்றாளாம்.

அன்றைய மழையில் தொட்டி வழியும் அளவுக்கு நிறையவில்லை, கார் தப்பித்துவிட்டது. ஒரு வருஷம் காத்திருந்தாள். ஆனால் சங்கரன்கோவிலில் மழைக்குக் காத்திருப்பது பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல் அல்ல. பெய்தால் பெத்துராஜ் காரை போர்ட்டிகோவில் ஏற்றிவிடுவான். கார் வெளியே நின்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். அவள் காலையும் மாலையும் செல்போனில் வானிலை பார்த்தாள். சபையில் விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்று, கர்த்தர் மழை தர வேண்டும் என்று உருகி ஜெபித்தாள். குருவிகுளம் பக்கத்து மானாவாரி விவசாயிகளுக்காக இவ்வளவு உருகுகிறாளே என்று சபையில் பெண்கள் கண் துடைத்துக்கொண்டார்களாம். எனக்கு விஷயம் தெரியும். நானும் என் பங்குக்கு, என் தொழுகையில் அதையே கேட்டேன். அவனை நாலு பேருக்கு நடுவில் நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கும் வெறி இருந்தது. அவன் நின்றால் என் கையெழுத்தை ஊர் மறந்துவிடும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

ஐப்பசியில் பெத்துராஜ் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் எங்கள் ரோட்டிலேயே, எங்கள் கடைகளைத் தாண்டி. முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை அந்தச் சிவப்புக் காரில்தான் வர வேண்டும், வேறு எதில் வந்தாலும் பெத்துராஜுக்குச் சோறு இறங்காது. அலங்காரம் செய்வதற்காகக் காரைப் பகல் பன்னிரண்டு மணிக்கே மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில், வெட்டவெளியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டே காலுக்கு மழை பிடித்தது.

மழை என்றால் அப்படி ஒரு மழை. எதிர்க் கடை போர்டு தெரியவில்லை. மூன்று மணிக்கு அவள் குடையை எடுத்துக்கொண்டு லாட்ஜ் பக்கம் போனாள். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தாள். ரேம்ப் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி, எனக்குப் பயமாக இருந்தது.

சுவர் ஓரம் போய் நின்றேன். “என்ன தங்கச்சி?”

“ஒரு சொட்டு கீழ வரல. நெறைஞ்சிக்கிட்டு இருக்கு.”

“அந்தப் புள்ளைக்கிக் கல்யாணம். சொல்லிரலாம்லா?”

“போய்ச் சொல்லுங்க பாய். நான் தடுக்கலையே. ரெண்டு வருசமா நீங்க சொல்லாததையா இன்னைக்கிச் சொல்லப் போறீய?”

நான் போகவில்லை. பயத்தால் போகவில்லை என்றுதான் மற்றவர்களிடம் சொல்வேன். பொய். நடக்கட்டும் என்று என் மனசும் கேட்டது. அந்தப் பெண்ணின் கல்யாணம் என்று தெரிந்தும் கேட்டது.

ஆறு மணிக்கு மழை நின்றது. ஆறரைக்கு மேளச்சத்தம் கேட்டது. நாதஸ்வரம் முன்னால், பெண்கள் தட்டோடு அதற்குப் பின்னால், பிறகு பூவால் மூடிய அந்தச் சிவப்புக் கார், உள்ளே அல் அமீனும் பட்டு வேஷ்டியில் மாப்பிள்ளையும். காருக்குப் பின்னால் ஊர்ப்பட்ட வண்டி. பெத்துராஜ் நடந்தே வந்தான், கை கூப்பிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. எங்கள் கடைக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. கார் அதில் ஏறி இறங்கியது. தொட்டியில் தளும்பி நின்ற தண்ணீரில் ஒரு பங்கு உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஐயோ என்று கத்திக் காலைத் தூக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு காருக்குப் பைத்தியம் பிடித்தது. ஹாரன் அலறியது, நிற்கவே இல்லை. வைப்பர் இரண்டும் பூச்சரத்தை அறுத்து அங்கும் இங்கும் இழுத்தன. லைட் அணைந்து எரிந்தது. இஞ்சின் நின்றுபோனது. நாதஸ்வரக்காரர் கொஞ்ச நேரம் ஹாரனோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டு வாத்தியத்தைக் கீழே இறக்கினார். கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு பின்னால் வரிசையில் நின்ற லாரி வரைக்கும் போனது.

பெத்துராஜ் ஓடி வந்தான். “எவம்லே காரைக் கழுவுனது? எவன்ட்டலே குடுத்த?”

“யாரும் கழுவல மொதலாளி” என்றான் அல் அமீன், ஹாரனுக்கு மேலே கத்தி. “மழையிலதான் நின்னுச்சு. ஒரு மனுசன் தொடல.”

சுந்தரபாய் எழுந்து வந்தாள். கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். கூட்டம் தானாக விலகியது. சங்க போர்டில் இருக்கும் காகிதத்தைப் படிக்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

“முன்மூடியைத் தொறங்க” என்றாள்.

“ஏட்டி, தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்!”

“எனக்குக் காலெல்லாம் நனைஞ்சிருக்கு மாமா” என்றான் உள்ளேயிருந்து இறங்கிய மாப்பிள்ளை, வேஷ்டியைப் பிழிந்துகொண்டே. “அவங்க தொறக்கட்டும்.”

மாப்பிள்ளை சொல்லுக்கு மேல் அன்றைக்கு அவனால் என்ன சொல்ல முடியும். மூடி திறந்தது. பேட்டரியின் மேல்தட்டை எடுத்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பேட்டரி கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

“பாய், மைனஸைக் கழத்துங்க” என்றாள். நான் ஸ்பேனரோடு ஓடிப் போய் டெர்மினலைக் கழற்றினேன். ஹாரன் நின்றது. ரோடே அமைதியானது. அவள் ஸ்க்ரூடிரைவரை மூலையில் விட்டு நெம்பினாள். வெள்ளைக் கட்டி ஒன்று கையோடு வந்தது. காருக்கு அடியிலிருந்து தண்ணீர் சர்ரென்று ரோட்டில் கொட்டியது. அந்தப் பக்கம் போய் இன்னொன்று. இரண்டு பக்கமும் கொட்டிக்கொண்டே இருந்தது, நின்றபாடில்லை. பெண்கள் பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

இரண்டு கட்டியையும் உள்ளங்கையில் வைத்துப் பெத்துராஜ் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது யாரு வச்சது?”

அவன் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“சொல்லுங்க அண்ணாச்சி. தண்ணி போற வழியை அடைச்சது யாரு? நானா?” அவனை அண்ணாச்சி என்றாள் பாருங்கள், அதுதான் அவள் கோபம்.

பதில் அல் அமீனிடமிருந்து வந்தது. அந்த மனிதனும் எத்தனை நாள்தான் அடக்கிவைப்பான். “மொதலாளி, மதுரையில மெக்கானிக்கு அன்னைக்கே சொன்னாருல்லா. இதை அடைச்சதாலதான் தண்ணி உள்ள போச்சு, இனிமே அடைக்காதீங்கன்னு. வீட்டுக்கு வந்து மார்பிள்ள கறை விழுந்ததும் நீங்கதான மறுபடி அடைச்சீய? நான் பக்கத்துலதான நின்னேன்?”

ஆக அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள்மேல் தப்பில்லை என்று இரண்டு வருஷமாகத் தெரிந்தும், அந்தக் காகிதத்தை இறக்கச் சொல்லாமல், மாதம் ஒருமுறை சங்கத்துக்கு வந்து அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளையின் அப்பா மகனின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். பெத்துராஜ் பின்னால் போனான். இந்தமுறை கை கூப்பவில்லை, இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படித்தான் இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை, அது பெரிய ஆறுதல். நான்காம் நாள் சங்கத்தில் கூட்டம் கூட்டினார்கள். இடம் கொள்ளாத கூட்டம். பெத்துராஜ் வந்தான். முகம் வாடியிருந்தது. எழுந்து நேரே போர்டுக்குப் போய்க் கண்ணாடியைத் திறந்தான், காகிதத்தைக் கிழிப்பதற்கு.

“கிழிக்கப்படாது” என்றாள் சுந்தரபாய்.

“உனக்காகத்தாம்மா கிழிக்கேன். அதான் தெரிஞ்சிட்டுல்லா எல்லாருக்கும்.”

“ரெண்டு வருசம் அது இங்கன இருந்துச்சு. கிழிச்சிட்டா அந்த ரெண்டு வருசம் எங்கன போவும்? அது இருக்கட்டும். அதுக்குக் கீழ உங்க கையால எழுதுங்க. அடைச்சது நான், தெரிஞ்சும் மறைச்சது நான்னு எழுதுங்க. ரெண்டும் சேந்தே இருக்கட்டும்.”

வேறு ஏதாவது செய்கிறேன் என்றான். புது கம்ப்ரெஸ்ஸர் வாங்கித் தருகிறேன் என்றான். அவள் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள். தலைவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்தான், எழுதினான். நாலு வரி எழுத அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்துத் தலை குனிந்தபடி, “மன்னிச்சிரும்மா” என்றான். ஏட்டி இல்லை. அவள் காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டு, “சரி” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரிக்குள் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

“சாட்சிக் கையெழுத்து?” என்றார் தலைவர்.

நான் எழுந்துவிட்டேன். இரண்டு வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. பழைய காகிதத்தில் போட்ட அந்தக் கையெழுத்துக்கு நேர் கீழே, அதே பெயரை, இந்தமுறை உண்மைக்குப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மைனஸைக் கழற்றியவன் நான், தண்ணீர் கொட்டியதை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தவன். பேனா மூடியைத் திறந்தும்விட்டேன்.

“நீங்க வேண்டாம் பாய்” என்றாள் சுந்தரபாய். சத்தம் இல்லை. “பாக்காததைப் பாத்தேன்னு எழுதுனீய. பாத்ததைச் சொல்லச் சொன்னேன், சொல்லல. உங்க கையெழுத்து இதுல விழுந்தா இதையும் ஒருத்தனும் நம்பமாட்டான்.”

யாரும் எனக்காகப் பேசவில்லை. அல் அமீன் எழுந்து வந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.